‘பிடிக்கல’ என்ற சொல்லும் ஆண்மையின் பதற்றமும்

1

ஒரு படம் பிடிக்கவில்லை என்று ஆண் சொன்னால் அது விமர்சனம், பெண் சொன்னால் திமிர். இந்த வேறுபாடு எப்படி உற்பத்தி செய்யப்படுகிறது, யாருக்குப் பயன்படுகிறது என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ‘சினிமா ரசிகன் நாலு வார்த்தை திட்டினான், அதுக்கொரு கட்டுரையா’ன்னு கேட்கிற தோழர்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

2017 ஆகஸ்டில் ‘தி நியூஸ் மினிட்’ இணைய இதழின் ஆசிரியர் தன்யா ராஜேந்திரன், அப்போது வெளியாகியிருந்த ஷாருக்கான் படம் ஒன்றை இடைவேளை வரைகூட உட்கார்ந்து பார்க்க முடியவில்லை என்று ட்விட்டரில் எழுதினார். கூடவே, முன்பு விஜய் நடித்த ‘சுறா’வை (2010) இடைவேளை வரையாவது பார்த்தேன் என்ற பொருளில் ஒரு கேலி. அவ்வளவுதான். அடுத்த சில நாட்களில் அவர் பெயரோடு ஒரு வசையைக் கோர்த்து, ஆயிரமாயிரமாகப் பதிவுகள் வந்து விழுந்தன. ‘சுறா’ ஏன் நல்ல படம் என்று வாதாடியவர்களைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவருடைய உடல், ஒழுக்கம், அவரை என்ன செய்ய வேண்டும் என்பவைதான் அங்கே பேசப்பட்டன. அவர் சென்னைக் காவல்துறையிடம் புகார் கொடுத்தார். எந்தப் படத்தையும் விமர்சிக்க யாருக்கும் உரிமை உண்டு, பெண்களை இழிவாகப் பேசக் கூடாது என்று விஜய் அறிக்கை விட்டார்.

அதே ஆண்டு டிசம்பரில் திருவனந்தபுரம் திரைப்பட விழாவில் நடிகை பார்வதி, மம்மூட்டி நடித்த ‘கசபா’ (2016) படத்தின் பெண் வெறுப்பைக் கண்டித்தார். மொழி மாறியது, நாயகன் மாறினார், வசை மட்டும் மாறவில்லை. அங்கே சிலர் கைதும் ஆனார்கள்.

2

இந்த வசைக்கு ஓர் ஒழுங்கு இருக்கிறது. முதலில் கருத்து உடலாக மாற்றப்படுகிறது. அவள் சொன்னது என்ன என்ற கேள்வி போய், அவள் யார், யாரோடு போகிறாள் என்ற கேள்வி வருகிறது. இரண்டாவதாக அறிவு மறுக்கப்படுகிறது: ‘பொம்பளைக்கு மாஸ் படம் புரியாது.’ மூன்றாவதாக நோக்கம் கற்பிக்கப்படுகிறது: ‘எல்லாம் விளம்பரத்துக்கு.’ கடைசியாக எண்ணிக்கை. ஒருவன் சொன்னால் அது வசை, பத்தாயிரம் பேர் சேர்ந்து சொன்னால் தண்டனை. ஊர்ப் பஞ்சாயத்தில் நிற்க வைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஊர் மட்டும் பெரிசாகிவிட்டது.

வெகுசன சினிமாவில் பார்வை ஆணுக்குரியது, பெண் பார்க்கப்படும் பொருள் என்று லாரா மல்வி 1975இல் எழுதினார். அதைத் தமிழ்ச் சூழலில் வைத்துப் பார்த்தால் இன்னொன்றும் தெரிகிறது. பார்க்கப்பட வேண்டியவள் திரும்பிப் பார்க்கிறாள், பார்த்துவிட்டுத் தீர்ப்பும் சொல்கிறாள். ரசிகன் ஆத்திரப்படுவது இந்த இட மாற்றத்தால்தான். ‘சுறா’வை ஆண்கள் கிழித்த அளவுக்குப் பெண்கள் யாரும் கிழிக்கவில்லை. அந்த ஆண்களை யாரும் கற்பு பற்றிக் கேட்கவில்லை.

3

நான் வள்ளூர்க்காரி. ‘சுறா’ எனக்கும் பிடிக்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

அது ஒரு மீனவக் குப்பத்தின் கதை. நிலத்தைப் பிடுங்க வரும் அரசியல்வாதியிடமிருந்து நாயகன் குப்பத்தைக் காப்பாற்றுகிறான். ‘படகோட்டி’ (1964), ‘மீனவ நண்பன்’ (1977) என்று எம்.ஜி.ஆர். போட்டுக் கொடுத்த பாதைதான். இந்த நாயக பிம்பம் எளிய மக்களின் ஆசைகளை எப்படி உள்வாங்கி அரசியல் அதிகாரமாக மாற்றியது என்பதை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992லேயே விரிவாக எழுதிவிட்டார். ‘சுறா’வின் நாயகியோ நாய்க்குட்டி காணாமல் போனதற்காகச் சாகத் துணிந்து, நாயகனால் காப்பாற்றப்படுகிறவள். குப்பத்துப் பெண்களுக்கு அந்தக் கதையில் வேலையே இல்லை.

எங்கள் பக்கம் நிலம் பிடுங்கப்பட்ட கதை வேறு. வள்ளூரில் 1500 மெகாவாட் அனல்மின் நிலையம், அந்தப் பக்கம் துறைமுகங்கள், கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் சாம்பல். அந்தச் சேற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களில் இருளர் பெண்கள் இருக்கிறார்கள். 2023 டிசம்பரில் முதலில் எண்ணெய்க் கழிவு வந்தது, அந்த மாதக் கடைசியில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தது. நடுராத்திரியில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்கள்தான் பிறகு ஆலைக்கு எதிராகவும் வந்து உட்கார்ந்தார்கள். காப்பாற்ற ஒரு நாயகனும் கடலிலிருந்து நீந்தி வரவில்லை. இதைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருத்திக்கு அந்தப் படம் பிடிக்காமல் போவது ரசனைக் கோளாறு அல்ல. அது ஒரு வாசிப்பு.

‘சுறா’வைத் திட்டுவது சுலபம்தான். ‘வட சென்னை’ (2018) எங்கள் ஆட்கள் கொண்டாடிய படம், நானும் மதிக்கிற படம். அதிலும் சந்திரா என்கிற அவ்வளவு வலுவான பெண்ணுக்குக் கிடைக்கிற ஒரே அரசியல், கொல்லப்பட்ட கணவனுக்காகப் பழிவாங்குவது. மண்ணுக்கான போராட்டம் ஆண்களின் வாரிசுரிமையாகவே கைமாறுகிறது. இதை ஒரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். எல்லாரும் இயக்கத்து ஆட்கள். கெட்ட வார்த்தை ஒன்றுகூட வரவில்லை. ‘படத்தோட வர்க்க அரசியல் தோழருக்குப் பிடிபடல’ என்றார் ஒருவர். ‘வீட்ல தோழர்கிட்ட பேசிப் பாருங்க’ என்றார் இன்னொருவர். வீட்டுத் தோழர் அந்தப் படத்தைப் பார்க்கவே இல்லை! மேலே சொன்ன ஒழுங்கு இங்கும் அப்படியே இருக்கிறது, மொழிதான் நாகரிகமாகிவிட்டது. அதே கருத்தை இரண்டு நாள் கழித்து ஓர் ஆண் எழுதியபோது அது ‘முக்கியமான தலையீடு’ ஆனது.

அதனால் இதை ‘படிக்காத ரசிகர்களின்’ நோய் என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. ஆலையில் ஒப்பந்தக் கூலியாக மதிப்பின்றி நடத்தப்படுகிறவனுக்கு நாயகனின் மானம் தன் மானமாகத் தெரிவது புரிகிறது. அந்தக் காயம் உண்மை. ஆனால் அந்தக் கணக்கைத் தீர்க்க அவன் தேர்ந்தெடுப்பது முதலாளியை அல்ல, ஒரு பெண்ணை. இந்தத் தேர்வைக் கற்றுக்கொடுத்தது வறுமை இல்லை, ஆணாதிக்கம். படித்தவனிடமும் அது இருப்பதே அதற்குச் சாட்சி.

4

சட்டம் என்ன செய்கிறது? ஒரு கல்லூரி மாணவியின் சாவுக்குப் பிறகு 1998இல் தமிழ்நாட்டில் பெண்களுக்குத் தொல்லை தருவதைத் தடுக்கும் சட்டம் வந்தது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 509ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 79ஆம் பிரிவாகத் தொடர்கிறது. அது பாதுகாப்பது பெண்ணின் ‘மானத்தை’. அவளுடைய கருத்துக்கு அதில் இடமில்லை. வசைபாடுகிறவனும் மானத்தைப் பற்றித்தான் பேசுகிறான், காப்பாற்ற வரும் சட்டமும் மானத்தைப் பற்றித்தான் பேசுகிறது. ‘அவங்களும் ஒரு தாய், ஒரு சகோதரி’ என்று ஆதரவுக்கு வருகிறவர்களும் இதே இடத்தில்தான் நிற்கிறார்கள். தாயாக இல்லாவிட்டால் என்ன, திட்டலாமா?

புகார் கொடுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. மிரட்டலுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும். ஆனால் நாயகனின் அறிக்கையால் பேச்சுரிமை கிடைக்கிறது என்றால் அது உரிமை அல்ல, அருள். அருளியவரே திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ரசிகர் கூட்டம் கட்சியாவதும் இங்கே புதிதல்ல: 1972இல் எம்.ஜி.ஆர்., 2024இல் விஜய். கட்சி எதுவானாலும், மாற்றுக் கருத்து சொன்ன பெண்ணை எப்படி நடத்துவது என்று மன்றத்தில் பழகியதுதான் நாளை கிளைக் கூட்டத்திலும் வரும்.

ஆகவே நண்பர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒரு பெண் எழுதியது தவறென்று பட்டால் எழுதியதை மறுத்து எழுதுங்கள், எழுதியவளை அல்ல. அவள் தாக்கப்படும்போது தனிச் செய்தியில் ‘தைரியமா இருங்க’ன்னு அனுப்பாமல், எல்லார் முன்னாலும் தாக்குகிறவனிடம் பேசுங்கள். இது அவளைக் காப்பாற்றுவதற்காக இல்லை. விவாதம் என்ற ஒன்று நம்மிடம் மிஞ்ச வேண்டும் என்பதற்காக.