‘காலத்துக்கு’, ‘காலத்துக்குள்’: சட்டக் கட்டுரை எழுதும் நம் பிள்ளைகளுக்கு



நம் பிள்ளைகள் பலர் இன்று சட்டமும் சமூகப்பணியும் படிக்கிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். விவாதத்தில் உள்ள ஒரு சட்டப் பிரச்சினையை எடுத்து, ஒரு பக்கம் நின்று வாதிட்டு ஆய்வுக் கட்டுரை எழுதும்படி கல்லூரியில் கேட்கிறார்கள். தலாக்குக்குப் பின் பெண்ணுக்கு உரிய ஜீவனாம்சம் நம் வீடுகளோடு தொடர்புடைய தலைப்பு. அதனாலேயே அது கடினமானதும்கூட. படிக்கத் தொடங்கும் முன்பே நம் மனதில் முடிவு தயாராக இருக்கும்.

முதலில் கேள்வியைச் சுருக்க வேண்டும். ‘முஸ்லிம் பெண்களின் உரிமைகள்’ என்பது ஒரு கட்டுரைக்குள் அடங்காது. ‘1986ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கும்போது, விவாகரத்தான முஸ்லிம் பெண் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125ஆம் பிரிவிலும் ஜீவனாம்சம் கேட்கலாமா?’ என்ற கேள்விக்கு ஆம், இல்லை என்று இரு தரப்பிலும் வாதிட இடமுண்டு.

அடுத்து, சட்டத்தையும் தீர்ப்புகளையும் கால வரிசைப்படி மூலத்திலேயே படிக்க வேண்டும். ஷா பானு வழக்கில் மாஜிஸ்திரேட் விதித்தது மாதம் 25 ரூபாய். மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அதை 179 ரூபாய் 20 காசாக உயர்த்தியது. 1985 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எதிர்ப்பு எழுந்தது, 1986இல் தனிச் சட்டம் வந்தது.

‘அந்தச் சட்டப்படி இத்தா காலத்துக்கு மட்டும்தான் பணம்’ என்று இன்றும் பலர் சொல்கிறார்கள். சட்டத்தை எடுத்துப் பார்த்தால், நியாயமான ஏற்பாட்டையும் ஜீவனாம்சத்தையும் இத்தா காலத்துக்குள் கொடுக்க வேண்டும் என்றிருக்கிறது. ‘காலத்துக்கு’ என்பது வேறு, ‘காலத்துக்குள்’ என்பது வேறு. 2001இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. ஆனால் இத்தாவுக்குள் செய்யும் ஏற்பாடு அவளுடைய பிற்கால வாழ்க்கைக்கும் சேர்த்து இருக்க வேண்டும் என்றும் விளக்கியது. 2024 ஜூலை 10ஆம் தேதி, 125ஆம் பிரிவின் வழியும் முஸ்லிம் பெண்ணுக்குத் திறந்தே இருக்கிறது என்று இரு நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்தது. அந்தப் பிரிவு இப்போது புதிய நாகரிக் சுரக்ஷா சட்டத்தில் 144ஆம் பிரிவாக உள்ளது.

மூன்றாவதாக, எதிர்த்தரப்பின் பலமான வாதத்தை எழுத வேண்டும். தனிச் சட்டம் வந்தபின் பொதுச் சட்டத்துக்கு இடமில்லை என்பது ஒரு வாதம். இரு தரப்பும் விரும்பினால்தான 125ஆம் பிரிவுக்குப் போகலாம் என்று 1986 சட்டத்தின் 5ஆம் பிரிவு சொல்வதை அவர்கள் காட்டுகிறார்கள். இத்தாவுக்குப் பின் பொறுப்பு உறவினர்களுக்கும், பிறகு வக்ஃபு வாரியத்துக்கும் போகிறது என்ற 4ஆம் பிரிவையும் எடுத்து வைக்கிறார்கள். மறு தரப்போ, 125ஆம் பிரிவு மதம் பாராமல் வறுமையைத் தடுக்க வந்தது, 1986 சட்டம் கூடுதல் உரிமை தந்ததே தவிர இருந்ததைப் பறிக்கவில்லை என்கிறது. அல்பகரா அத்தியாயத்தின் 241ஆம் வசனத்தின் பொருள் குறித்தும் இரு தரப்பும் வாதிடுகின்றன. அதை எழுதுமுன் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிவு பெறுவது நல்லது.

இவ்வளவுக்கும் பிறகுதான் நம் நிலைப்பாட்டைச் சொல்லி, எதிர்வாதம் ஒவ்வொன்றுக்கும் பதில் தர வேண்டும். பதில் இல்லாத இடத்தில் இல்லையென்று ஒப்புக்கொள்வதால் கட்டுரையின் மதிப்பு குறையாது. பிறர் எழுதியதை எடுத்தாண்டால் பெயர், ஆண்டு, பத்தி எண்ணோடு குறிப்பிட வேண்டும். அடுத்தவர் சொல்லும் நம்மிடம் உள்ள அமானிதமே.

பெற்றோர்களே, பிள்ளை எழுதியதை வாங்கிப் படியுங்கள். ‘எதிர்த்தரப்பார் இதைப் படித்தால், எங்கள் வாதத்தைச் சரியாகச் சொல்லியிருக்கிறாய் என்பார்களா?’ என்று கேளுங்கள்.

இது மதிப்பெண்ணோடு முடியும் விஷயமல்ல. ‘மூன்று மாதப் பணம்தான் உனக்கு’ என்ற பேச்சை நம்பி ஒரு சகோதரி கையெழுத்துப் போட்டுவிட்டுப் பிள்ளைகளோடு தாய்வீடு திரும்பலாம். சட்டத்தைச் சரியாகப் படித்த ஒருவர் அந்த வீட்டில் இருந்தால் கையெழுத்துக்கு முன் ஒரு கேள்வி எழும். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம் என்பதை அவரிடம் சொல்லுங்கள்.