மின்சுற்றுப் பலகையில் நிலையான மின்வழங்கல்

வெளியிடத்தில் நிறுவப்பெற்ற அளவீட்டுக் கருவியொன்று இடையிடையே தானாக நின்று மீண்டும் தொடங்குமாயின், அதிலுள்ள சில்லு பழுதுற்றதென்று கருதிப் பலகையையே மாற்றிவிடுவது வழக்கம். மல்டிமீட்டரோ மின்வழங்கல் 5 வோல்ட் என்றே காட்டும். ஆயினும் பல வேளைகளில் குற்றம் சில்லினுடையதன்று. மின்சாரம் அதனை வந்தடையும் வழியினுடையதாகும். புதிய பலகையும் அவ்வாறே அமைந்திருப்பின், செலவு மிகுமேயன்றிக் குறை தீராது.

தேவையும் தடையும்

சில்லினுள் உள்ள எண்ணற்ற டிரான்சிஸ்டர்கள் ஒருங்கே நிலை மாறும்போது, அது வேண்டும் மின்னோட்டம் சில நானோ வினாடிகளில் திடீரென உயர்கிறது. நானோ வினாடியாவது ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு. மல்டிமீட்டர் வினாடிக்குச் சில முறையே அளப்பதால், இக்குறுகிய மாறுதலை அது காட்ட இயலாது.

நீண்ட குழாயில் அசையாது நிற்கும் நீர், வாயைத் திறந்தவுடன் முழு வேகம் பெறுவதில்லை. செம்புத் தடத்திலும் மின்னோட்டத்தின் மாறுதலை எதிர்க்கும் அத்தகைய பண்பு உண்டு. இதுவே தன்மின்தூண்டல். மெல்லிய தடத்தில் இது சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 10 நானோ ஹென்றி எனலாம். 5 சென்டிமீட்டர் தடத்தில் மின்னோட்டம் 5 நானோ வினாடிகளில் 0.1 ஆம்பியர் உயருமாயின், அத்தடத்திலேயே 1 வோல்ட் இழக்கப்படும். 3.3 வோல்ட்டில் இயங்கும் சில்லுக்கு இது பெருங்குறையாகும்.

அருகிலொரு சேமிப்பு

அடுப்பங்கரையில் நீர் நிறைந்த குடம் இருப்பின், தெருக்குழாயில் நீர் வரும்வரை சமையல் நிற்பதில்லை. சில்லின் அருகே வைக்கப்படும் மின்தேக்கி அக்குடத்தை ஒக்கும். 0.1 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கி, 0.1 ஆம்பியரை 20 நானோ வினாடிகள் தானே வழங்கினாலும், அதன் மின்னழுத்தம் 0.02 வோல்ட் மட்டுமே குறையும்.

இங்கு மின்தேக்கியின் அளவைக் காட்டிலும் அண்மையே முதன்மையானது. அது தொலைவில் இருப்பின், இடைப்பட்ட தடத்தின் தன்மின்தூண்டல் மீண்டும் குறுக்கிடும். ஆகவே, ஒவ்வொரு சில்லின் மின்முனைக்கும் அடுத்து ஒரு சிறு பீங்கான் மின்தேக்கியும், பலகைக்குள் மின்சாரம் நுழையுமிடத்தில் பெரிய மின்தேக்கியொன்றும் அமைப்பது முறை. மின்னோட்டம் திரும்பும் வழியும் குறுகியதாதல் வேண்டும். பல அடுக்குப் பலகைகளில் ஓரடுக்கு முழுவதையும் செம்புத் தளமாக விடுவது இதன்பொருட்டேயாம்.

வகுப்பறையில் ஒரு சோதனை

1972-ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த 555 என்னும் கால அளவைச் சில்லு, அதன் பழைய இருமுனை டிரான்சிஸ்டர் வகையில், வெளியீடு மாறும் கணத்தில் மிகுந்த மின்னோட்டத்தை ஈர்க்கும். அதனை அலையியற்றியாக அமைத்து, அரை மீட்டர் கம்பிகளின் வழியே 5 வோல்ட் தருக. 8-ஆம், 1-ஆம் முனைகளுக்கிடையே ஆசிலாஸ்கோப்பை இணைத்தால் கூரிய பள்ளங்களைக் காணலாம். அவ்விரு முனைகளையும் ஒட்டி 0.1 மைக்ரோ ஃபாரட் பீங்கான் மின்தேக்கியையும் 10 மைக்ரோ ஃபாரட் மின்தேக்கியையும் இணைத்தால் பள்ளங்கள் பெரிதும் குறையும். அவற்றையே 20 சென்டிமீட்டர் கம்பிகளின் முனையில் இணைத்துப் பார்த்தால், பயன் குன்றுவதை மாணவர் கண்கூடாக அறிவர். ஆசிலாஸ்கோப்பின் நிலமுனைக் கம்பியும் குட்டையாக இருத்தல் வேண்டும். நீண்ட கம்பி இல்லாத அலைகளையும் காட்டிவிடும்.

இக்காலக் கணிப்பொறிச் சில்லுகளுள் சில, 1 வோல்ட் அளவில் 100 ஆம்பியருக்கும் மேற்பட்ட மின்னோட்டத்தை ஏற்கின்றன. 1 வோல்ட்டில் இயங்கும் சில்லில் 50 ஆம்பியர் மாறுதலுக்கு 0.05 வோல்ட் தாழ்வையே அனுமதிப்பதாயின், மின்வழியின் எதிர்ப்பு 0.001 ஓமைத் தாண்டலாகாது. கோட்பாடு ஒன்றே, அளவே வேறு.

ஆதலின், காரணம் விளங்காது கருவி தடுமாறும்போது, சில்லை ஐயுறுமுன் அதன் அருகிலுள்ள மின்தேக்கி இருக்கிறதா, அதன் பற்றாசு உறுதியாக உள்ளதா என்று பார்த்தல் நன்று. சிறு விலையுள்ள உறுப்பொன்றை மாற்றுவதால் விலையுயர்ந்த பலகையொன்று காக்கப்படலாம்.