குறி பிழைப்பது எதனால்?
துல்லியத் துவக்கின் மேற்கூடு பற்றி ஒரு விளக்கம்

பௌதிக ஆய்வுகூடத்தில் வேணியர் இடுக்கியைக் கையிலெடுக்கும் மாணவன் முதலில் அதன் பூச்சிய வழுவை நோக்குவான். வழு இவ்வளவென்று தெரிந்துவிட்டாற் கூட்டியோ கழித்தோ மெய்யளவைக் கண்டுகொள்ளலாம். இடுக்கியின் தாடையே தளர்ந்து, அளக்குந்தோறும் வெவ்வேறிடத்தில் நிற்குமாயின் எக்கணக்கும் உதவாது. மாறாத வழு வேறு, மாறும் வழு வேறு என்னும் இவ்வுண்மையை, குறிபார்த்துச் சுடும் துவக்கின் ஓர் உறுப்பைக்கொண்டு விளக்க விரும்புகின்றோம்.

அமெரிக்காவில், ஒகாயோ மாநிலத்துக் காம்ப் பெரி என்னுமிடத்தில் 1907ஆம் ஆண்டு முதலாகத் தேசிய இலக்குப் போட்டிகள் நடைபெற்று வந்துள்ளன. இக்காலத்தில் அங்கே பலர் கையாள்வது ஏ.ஆர்.-15 வகைத் துவக்காகும். ஆர்மலைற் நிறுவனத்தில் இயூஜின் ஸ்ரோனர் 1950களில் வகுத்த அமைப்பிலிருந்து வளர்ந்தது இது. இதன் உடல் இரு கூடுகளாலானது. கீழ்க்கூட்டில் விசை இருக்கும். ‘அப்பர் றிசீவர்’ என வழங்கும் மேற்கூட்டிலே குழலும், தாழும், குறிகாட்டியும் அமையும். இரு கூடுகளையும் இரண்டு முளைகளே இணைப்பதால், மேற்கூட்டைத் தனியே தெரிந்தெடுத்துப் போட்டிக்கேற்பத் துவக்கை அமைத்துக்கொள்வோர் அந்நாட்டிற் பலர்.

வெடியின் வேகத்தைத் தாங்குவது மேற்கூடே என எண்ணுதல் இயல்பு. உண்மை அதுவன்று. குழலின் பின்முனையிலே திருகப்பட்ட உருக்குக் கழுத்தினுள் தாழ் பூட்டிக்கொள்கின்றது. வெடியின் பேரழுத்தம் உருக்கோடு உருக்காய் அங்கேயே அடங்கிவிடுகின்றது. ஆதலினாற் கூட்டுக்கு இலேசான அலுமினியக் கலப்புலோகம் போதுமாயிற்று. அவ்வாறாயின் கூட்டின் கடமை யாது? குழலையும் குறிகாட்டியையும் பிணைத்து, ஒவ்வொரு வெடியின் பின்னும் அவற்றை முன்னிருந்த நிலையிலேயே நிறுத்துவதாம்.

கூட்டின் முகத்திலே, ஓரங்குல அகலத்துக்கு ஓர் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு சாய்வு இருப்பதாகக் கொள்வோம். அதன்மேல் அமரும் குழல் ஏறத்தாழ 3.4 கலை கோணம் சாயும். 100 யார் தூரத்தில் இது 3.6 அங்குலமாகும். இத்தொகையைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சாய்வு மாறாதிருக்கும்வரை அது பூச்சிய வழுவே; குறிகாட்டியின் திருகைச் சற்றே திருப்பினாற் சரியாகும். ஆனாற் சாய்ந்த முகத்திலே குழல் முழுதும் படிந்து அமர்வதில்லை. சூடேறும்போதும் அதிரும்போதும் அது சிறிது பெயரக்கூடும். அப்பெயர்ச்சியைத் தீர்க்கவல்ல திருகு இல்லை.

எனவே மேற்கூட்டைத் தெரிவோர் நோக்கவேண்டியவை மூன்று. முதலாவது, முகம் துளையின் அச்சுக்குச் செங்குத்தாகக் கடையப்பட்டிருத்தல். இரண்டாவது, உருக்குக் கழுத்து துளையினுள் ஆட்டமின்றி அமர்தல். சில கூடுகளின் துளை மிக நெருக்கமாக இருப்பதால், கூட்டைச் சூடாக்கியே குழலைச் செலுத்துவர். அலுமினியம் உருக்கைப்போல் ஏறத்தாழ இருமடங்கு விரிவடைவதால் இது இயலுகின்றது. மூன்றாவது, சுவர் தடித்து வளையாதிருத்தல். அடித்து உருவாக்கிய கூடா, கட்டியிலிருந்து வெட்டிய கூடா என்ற வாதம் இவற்றுக்குப் பிற்பட்டதே. செம்மையாகக் கடையப்பட்டால் இரண்டும் பயன்தரும்.

இவ்வளவும் கூறிய நாம் ஒன்றை மறைத்தலாகாது. நல்ல குழலும், ஒரே சீரான தோட்டாவும், நடுங்காத கையும் இல்லாதவனுக்கு விலையுயர்ந்த கூடு யாதும் செய்யாது. பொருளைச் செலவிடுமுன் பத்துச் சன்னங்களைச் சுட்டு இலக்கை நோக்குக. துளைகள் நடுவைவிட்டு விலகியும் ஒன்றாய்த் திரண்டிருப்பின் திருகைத் திருப்புதலே போதும். சிதறியிருப்பின், குழலிலோ, தோட்டாவிலோ, பொருத்திலோ, தன் கையிலோ காரணத்தைத் தேடல் வேண்டும்.

ஒரு சன்னம் நடுவைத் துளைத்தது கண்டு மகிழ்பவன் தற்செயலைத் தன் திறமையென மயங்குகின்றான். பத்தும் ஓரிடத்திற் பட்டனவா எனப் பார்ப்பவனே தன் கருவியை அறிவான். ஆய்வுகூடத்தில் ஒரே அளவைப் பன்முறை எடுக்குமாறு எம் ஆசிரியர்கள் பணித்ததன் பொருளும் இதுவேயாம்.