மறை அமுக்கமும் குடாநாட்டுக் கிணறும்: ஒரு விளக்கக் குறிப்பு

ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு யாழ்ப்பாணக் குடாநாட்டில் இல்லை. மாரிமழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளூடாக இறங்கி, உவர்நீரின்மேல் மிதக்கும் நன்னீர் வில்லையாகத் தங்குகின்றது. கிணறு தருவது அந்த நீரையே. அதே வளவில் மலசலகூடக் குழியும் உண்டு. தோட்டங்களின் உரத்தோடு இக்குழிகளும் சேர்ந்து கிணற்றுநீரில் நைத்திரேற்றைப் பெருக்கியுள்ளமை நெடுங்காலமாக அறியப்பட்ட உண்மை. உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைக் கடந்த கிணறுகள் இங்குப் பல. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கி ஒப்புதல் அளித்த யாழ்ப்பாணம்–கிளிநொச்சித் திட்டத்தில் நகருக்கான கழிவுநீர்க் குழாய்த்தொகுதியும் இடம்பெற்றிருந்தது. பின்னர் அது கைவிடப்பட, நீர்வழங்கலே எஞ்சியது.

அத்தகைய தொகுதி மீண்டும் திட்டமிடப்படின், பம்பியின்றி அது இயங்காது. சமதரையில் கழிவுநீர் தானாக ஓடவேண்டுமாயின் குழாயைப் படிப்படியாக ஆழப்படுத்தல் வேண்டும். இங்கோ அது கல்லுடைப்பாகவே முடியும். பம்பி தள்ளும் குழாயைக் கணினி மாதிரியில் ஆராயும்போது சில இடங்களில் அமுக்கம் மறைப்பெறுமானமாக வருவதுண்டு. அதனைக் கணினியின் பிழையெனத் தள்ளுவோர் உளர். அச்சிட்ட எண்ணெல்லாம் மெய்யென ஏற்போரும் உளர். எண்ணை அதன் சூழலினின்றும் பிரித்து வாசிப்பதே இருசாராரும் செய்வது. இலக்கியத் திறனாய்வில் நாம் நன்கு அறிந்த நோய்தான் இது.

இங்கு அமுக்கம் வளிமண்டலத்தை ஒப்பிட்டே அளக்கப்படுகின்றது. ஆகவே மறைப்பெறுமானம் என்பது வளிமண்டலத்திலும் குறைந்த அமுக்கம், அதாவது உறிஞ்சல். கடல்மட்டத்தை அண்டிய நிலத்தில் அது ஏறத்தாழ 10 மீற்றர் நீர்நிரலுக்கு அப்பால் செல்லவியலாது. அவ்வெல்லையில் நீர் ஆவியாகி நிரல் அறுந்துவிடும். மாதிரி −25 மீற்றர் என்று காட்டின், அது அமுக்கத்தின் அளவன்று. நிரல் அறுந்தமைக்கான அறிகுறி. அறுந்த நிரல்கள் மீண்டும் மோதும்போது எழும் அமுக்கமே குழாயை வெடிக்கச் செய்வது.

பம்பி சீராக இயங்கும்போதே மேட்டுப்புள்ளியொன்றில் −3 மீற்றர் வருமாயின், முதலில் மட்ட அளவீட்டைச் சரிபார்த்தல் வேண்டும். அளவீடு சரியெனின், மாதிரி குழாய் முழுவதும் நீர் நிறைந்திருப்பதாகக் கொண்டமையே காரணம். உண்மையில் வளி வால்வினூடாகக் காற்றுப் புகும்; மேட்டுக்கு அப்பால் நீர் வாய்க்காலில் ஓடுவதுபோல் அரைகுறையாக நிரம்பி ஓடும். அப்போது பம்பி மேடு வரை நீரை உயர்த்தியாக வேண்டும்; கணித்ததிலும் 3 மீற்றர் கூடுதலான தலை தேவைப்படும். அல்லது பாய்ச்சல் குறையும். அவ்வெற்றிடத்தில் எழும் ஐதரசன் சல்பைட்டு வாயு குழாயையும் அரிக்கும்.

பம்பி திடீரென நிற்கும்போது விளைவது வேறு. செக்கனுக்கு 1 மீற்றர் வேகத்தில் ஓடிய நீர் இரும்புக் குழாயில் ஒரு கணத்தில் நிறுத்தப்படின், அமுக்கம் ஏறத்தாழ 100 மீற்றர் அளவுக்கு மாறக்கூடும். குன்றுள்ள ஊரில், நீரை உயர்த்தியதால் குழாயில் எஞ்சும் அமுக்கம் இவ்வீழ்ச்சியை ஓரளவு தாங்கும். யாழ்ப்பாணத்தில் உயரம் அற்பம். அமுக்கத்தின் பெரும்பகுதி உராய்வை வெல்லவே செலவாகின்றது. பம்பி நின்றதும் தாங்குவதற்கு ஏதுமில்லை. மின்பிறப்பாக்கி இருக்கின்றதே என்பர். ஒரு கிலோமீற்றர்க் குழாயில் அமுக்க அலை போய்த் திரும்ப ஏறத்தாழ 2 செக்கன்களே போதும். அதற்குள் எந்த மின்பிறப்பாக்கியும் இயங்கத் தொடங்காது. அமுக்கத் தாங்கியோ பம்பியோடு பொருத்திய கனத்த சுழற்சில்லோ தேவை. செலவைக் குறைக்க முற்படுவோர் கண்ணில் முதலில் படுவனவும் இவையே.

மாதிரியில் மின்தடை என்பது அரிதாக நிகழும் ஒரு விபத்து. 2022 மார்ச்சில் கடனில் மூழ்கிய இந்நாட்டில் மின்வெட்டு நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்டது. அத்தகைய நாளில் குழாயின் ஒவ்வொரு மூட்டும் மீண்டும் மீண்டும் உறிஞ்சலுக்கும் தள்ளலுக்கும் உட்படும். தளர்ந்த மூட்டின் வழியே நிலத்தடிநீர் உள்ளே வரும், அடுத்த தள்ளலில் கழிவு வெளியே போகும். போத்தல் நீர் வாங்க இயன்றவனுக்கு அது செய்தி. கிணற்றையே நம்பியவனுக்கு நோய். நல்ல தண்ணீர் யாருக்கு என்பது இம்மண்ணில் புதிய வினாவன்று, கே. டானியல் 'தண்ணீர்' என்றே ஒரு நாவலுக்குப் பெயரிட்டார்.

குழாயின் நெடுக்குவெட்டு வரைபடத்தில் வழக்கமாகக் குறிக்கப்படுவன தரைமட்டமும் குழாய்மட்டமும் அமுக்கக் கோடுமே. அயற்கிணறுகளின் மாரிகால, கோடைகால நீர்மட்டங்களும் அதே தாளில் வரையப்பட்டாலன்றி, மறை அமுக்கம் எழும் இடத்தில் எது உள்ளே வரும், எவர் கிணற்றுக்கு எது போகும் என்பதை அதிலிருந்து வாசிக்கவியலாது.