மேட்ச்சை சிஸ்டமாகப் பார்த்தவர்

ஃபுட்பால் கோச்னு சொன்னா உங்களுக்கு ஃபெர்குசன்தான் ஞாபகத்துக்கு வருவார். நான் சொல்ல வந்தது நம்மள மாதிரி இன்ஜினியரிங் படிச்ச ஒருத்தரைப் பத்தி: வலேரி லோபனோவ்ஸ்கி.

1973-ல் டைனமோ கீவ் அணிக்குக் கோச்சாக வந்தார். இடையில் சில வருஷம் வெளியே போனாலும், 2002-ல் இறக்கும்போதும் அந்த அணியின் கோச்தான். அவருக்கு ஒரு மேட்ச் என்பது ஒன்றோடொன்று மோதும் இரண்டு சிஸ்டம். ஒவ்வொன்றிலும் 11 உறுப்புகள். ஆள் எவ்வளவு கெட்டிக்காரன் என்பதைவிட, 11 பேரும் எப்படி இணைந்து நகர்கிறார்கள் என்பதே முக்கியம். ஸெலென்ட்சோவ் என்ற விஞ்ஞானியைக் கூடவே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வீரரின் ஆட்டத்தையும் எண்ணிக் கணக்கெடுத்தார். இன்னிக்கு டேட்டா அனலிஸ்ட் பண்ற வேலைதாங்க, 1970-களிலேயே!

8 சோவியத் லீக் பட்டங்கள். ஐரோப்பாவின் கப் வின்னர்ஸ் கப் இரண்டு முறை, 1975-லும் 1986-லும்.

ஆனா மனுஷனோட களைப்பைக் கணக்கில் சரியா சேர்க்கலைன்னா? 1976-ல் அதுதான் நடந்தது. கடும் பயிற்சியில் சோர்ந்துபோன வீரர்கள் அவருக்கு எதிராகவே திரும்பினார்கள். மாண்ட்ரியல் ஒலிம்பிக்ஸில் சோவியத் அணிக்குக் கிடைத்தது வெண்கலம்தான்.

அவரிடம் வளர்ந்தவர் ஷெவ்செங்கோ. 2003-ல் மிலான் அணிக்காக சாம்பியன்ஸ் லீக் ஜெயிச்சதும், அந்த மெடலோட கீவில் இருக்கும் லோபனோவ்ஸ்கியின் கல்லறைக்குத்தான் போனார்.