பிரித்தலும் இடித்தலும்

செய்யுளைப் பதம் பிரித்துப் பொருள் காண்பது தமிழ் பயில்வோர்க்கு முதற் பயிற்சி. புணர்ந்து நின்ற சொற்களை ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்து, ஒவ்வொன்றும் நின்ற நிலையை உணர்ந்து, மீண்டும் பொருத்தத் தெரிந்தவனே பாட்டை அறிந்தவன். கண்டியில் நான் பணிபுரியும் கீழைத்தேயக் கல்லூரியில் அண்மையில் ஒருநாள் இதனை விளக்கிக்கொண்டிருந்தேன். “பிரித்தல் வேறு, இடித்தல் வேறு. பிரித்ததை மீளக் கூட்டலாம். இடித்ததைக் கூட்டுதல் எங்ஙனம்?” என்று வினவினேன்.

பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து வந்து, தன் கைபேசியில் ஒரு படத்தைக் காட்டினான். கடல் நடுவே, அலைகள் மோத, வளைந்து நெளிந்த ஓர் இரும்புப் பாதை தனியே நின்றது. “ஐயா, இதைப் பிரித்தார்களா, இடித்தார்களா?” என்றான்.

அது ரோலர் கோஸ்டர் எனப்படும் கேளிக்கைப் பாதை. வண்டித் தொடரை உச்சிக்கு இழுத்துச் சென்று விட்டுவிட்டால், அது தன் எடையாலேயே பள்ளத்தில் பாய்ந்து, அந்த வேகத்தாலேயே அடுத்த மேட்டில் ஏறும். படத்தில் இருந்தது அமெரிக்காவின் நியூ ஜேர்சிக் கரையில், கடலுள் நீண்டதொரு மேடைமீது நின்றது. 2012 ஒக்டோபரில் வீசிய சாண்டிப் புயலில் மேடை சரிய, பாதை முழுவதும் அப்படியே கடலில் இறங்கிவிட்டது. ஏறத்தாழ ஆறு மாதம் அலைகளின் நடுவே நின்றதை 2013 மே மாதம் இயந்திரக் கரங்களால் கிழித்து அகற்றினர். ஆகவே அது இடித்தலே. மாணவனுக்கு அவ்விடை போதுமாயிற்று, எனக்குப் போதவில்லை. மேடும் பள்ளமுமாய் நின்ற அத்துணை மரமும் இரும்பும் எங்கே போகின்றன? நின்ற நிலம் என்னாகிறது? சில நாட்கள் இதனையே தேடிப் படித்தேன்.

இரும்புப் பாதைக்கு இரு கதிகள் உண்டு. அதன் துண்டுகள் திருகாணிகளாற் பூட்டப்பட்டவை. ஆகவே, நல்ல நிலையில் இருப்பின் கழற்றி, ஏற்றி, வேறொரு பூங்காவிற்கு விற்றுவிடுவர். உலகில் இங்ஙனம் ஊர்விட்டு ஊர் சென்ற பாதைகள் பல. இயலாதபோது துண்டு துண்டாக வெட்டிப் பழைய இரும்பாக உலைக்கு அனுப்புவர். உருகிய இரும்புக்குத் தன் பழம்பிறப்பு நினைவிராது. நேற்றுச் சிறுவரைக் கூவவைத்தது நாளை யார் வீட்டுத் தூணுக்கோ கம்பியாகலாம்.

மரப்பாதையின் நிலை சற்று இரங்கத்தக்கது. வெயிலும் மழையும் அரிக்காவண்ணம் அம்மரங்களுட் பலவற்றுக்கு நச்சு மருந்து ஏற்றியிருப்பர். செம்பும் குரோமியமும் ஆர்செனிக்கும் கலந்த மருந்து அவற்றுள் ஒன்று. அத்தகைய மரத்தை அடுப்பில் இட்டால் புகையும் சாம்பலும் நஞ்சாகும். விறகுக்கும் உதவாத அதனைக் காப்புள்ள குப்பைக் கிடங்கிலேயே புதைத்தல் வேண்டும். நல்ல பலகைகளை வேறு பாதைகளின் பழுது நீக்கக் கொள்வோரும், சிறு துண்டொன்றை நினைவுப் பொருளாக வாங்கிச் செல்லும் அன்பரும் உண்டு.

இவற்றுக்கிடையே ஒரு கதை என் உள்ளத்தைத் தொட்டது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சான் அன்ரோனியோ நகரில், 1940-களின் பிற்பகுதியில் எழுந்த மரப்பாதை ஒன்று ‘ராக்கெட்’ என்னும் பெயருடன் ஓடியது. 1980-ல் அப்பூங்கா மூடப்பட்டது. நெடுந்தொலைவில், பென்சில்வேனியாவில் உள்ள நோபெல்ஸ் பூங்காவினர் அதனை வாங்கினர். பாதையைக் கட்டியபோது வரைந்த படங்கள் கிட்டவில்லை. என் செய்வர்? ஒவ்வொரு மரத்துக்கும் எண் இட்டு, அது நின்ற இடத்தைக் குறித்துக்கொண்டு, பலகை பலகையாகக் கழற்றினர். பின்னர் அந்த எண்களையே துணையாகக் கொண்டு புதிய இடத்திற் பொருத்தினர். 1985-ல் அது மீண்டும் ஓடத் தொடங்கியது. சாம்பலினின்றும் எழும் பறவையின் பெயரான ‘பீனிக்ஸ்’ என்பதை அதற்குச் சூட்டினர். இதுவன்றோ பதம் பிரித்தல்!

அந்த எண்களைப் பற்றிப் படித்த இரவு நான் நெடுநேரம் உறங்கவில்லை. அதன் காரணத்தைப் பின்னர்ச் சொல்வேன். முதலில் நிலத்தின் கதையை முடித்துவிடுகிறேன்.

மரத்தையும் இரும்பையும் வண்டியில் ஏற்றலாம். நிலத்தை ஏற்ற வண்டியில்லை. பாதையைத் தாங்கிய கொங்கிறீற்று அடித்தளங்களைத் தோண்டுவது பெருஞ்செலவு. ஆதலின் மேற்பகுதியை மட்டும் வெட்டி, மண்ணிட்டு மூடிவிடுவதும் உண்டு. மேலே புல் வளரும். கீழே பழைய கால்கள் உறங்கும். அதன்மேல் எது வரும் என்பதை அவ்விடத்தின் விலையே முடிவுசெய்கிறது. ஜப்பானின் நாராவில் 1961-ல் திறந்த கேளிக்கைப் பூங்கா 2006-ல் மூடப்பட்டது. பத்தாண்டு காலம் செடிகொடிகள் படர்ந்து கிடந்த பின்னரே அதனை இடிக்கத் தொடங்கினர். தில்லியிலோ நிலம் நெடுங்காலம் காத்திருக்கவில்லை. 1984-ல் திறக்கப்பட்ட ‘அப்பு கர்’, இந்தியாவின் முதற் கேளிக்கைப் பூங்கா எனப் பெயர் பெற்றது. 2008-ல் அது மூடப்பட்டு, நிலம் உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2019-ல் அங்கே நீதிமன்றத்தின் புதிய கட்டடத் தொகுதி திறக்கப்பட்டது. பிள்ளைகள் கூவிச் சிரித்த இடத்தில் இன்று நீதிமன்ற அலுவல்கள் நடைபெறுகின்றன.

இவையெல்லாம் அயலார் கதைகள் என்று கண்டிவாசிகள் எண்ண வேண்டா. நம் நகரமே இத்தகைய மாற்றங்களின் மேல் அமர்ந்திருக்கிறது. நாம் மாலையில் சுற்றிவரும் ஏரி, ஸ்ரீ விக்கிரமராஜசிங்கன் 1807-ல் வயல்களை நீரால் மூடி அமைக்கத் தொடங்கியது. வயலாயிருந்தது ஏரியானது இங்கே. சற்று அப்பால் போகம்பறையில் ஏரியாயிருந்தது நிலமானது. 1814-ல் எகலப்பொல குமாரிகாமியை அரசன் ஆணையால் மூழ்கடித்த போகம்பறை ஏரி இன்று இல்லை. அவ்விடத்தின் பெயர் மட்டும் விளையாட்டரங்குக்கும் பழைய சிறைச்சாலைக்கும் உரியதாயிற்று.

பேராதனையில் மகாவலி கங்கையின் குறுக்கே 1833 முதல் ஒரு பாலம் நின்றது. பிரேசர் என்னும் ஆங்கிலப் படை அதிகாரி வகுத்தது. 205 அடி அகலத்தை ஒரே வளைவாற் கடந்த அது முழுவதும் முதிரை மரத்தால் ஆனது. இரும்பாணியின்றி மரத்தோடு மரம் பொருத்திய வேலைப்பாடு என்பர். 1905-ல் அதனை அகற்றி இரும்புப் பாலம் அமைத்தனர். இன்று பேராதனையில் ஆற்றைக் கடக்கும் மாணவர்களுள் எத்தனை பேர் முதிரைப் பாலத்தைக் கேள்வியுற்றிருப்பர்? பழைய படங்களிலும் நூல்களிலும் பதிந்தமையால் அன்றோ நமக்கேனும் அது தெரிகிறது!

இனி என் கதைக்கு வருகிறேன். நான் பிறந்தது தெல்தெனியாவில். இன்றைய தெல்தெனியாவில் அன்று, நீருக்கடியில் உள்ள தெல்தெனியாவில். விக்டோரியா அணை எழுந்துகொண்டிருந்த காலத்தில் எனக்குப் பன்னிரண்டு வயது. கடைத்தெருவில் என் தந்தையாருக்கு ஒரு சிறு பலசரக்குக் கடை. அதன் பின்புறமே எங்கள் வீடு. ஊர் நீருள் மூழ்கப் போகிறது என்பது உறுதியானதும் அயலார் பலர் ஓடுகளை இறக்கினர், கதவுகளைப் பெயர்த்தனர், அவசரத்தில் சுவர்களை இடித்து மரங்களை இழுத்தெடுத்தவரும் உளர்.

தந்தையார் அங்ஙனம் செய்யவில்லை. ஒரு தகரத்தில் தாரைக் காய்ச்சி, ஈர்க்குக் கட்டைத் தூரிகையாக்கி, கூரையின்மேல் ஏறினார். ஒவ்வொரு தீராந்தியிலும் கைமரத்திலும் க, உ, ங, ச எனத் தமிழ் எண்களை எழுதினார். கடைக் கணக்கை அவர் அவ்வெண்களிலேயே எழுதுவது வழக்கம். கீழே நின்று, எந்த எண் எந்த மூலைக்குரியது என்பதைப் பள்ளிக் கொப்பியில் குறித்தவன் நான். “விட்டுப் போகிற வீட்டுக்கு இத்தனை கணக்கா?” என்று அன்னையார் கேட்டார். “விட்டுப் போகவில்லை, கொண்டு போகிறோம்” என்றார் தந்தையார்.

கொண்டுபோனோம், ஆனால் முழுவதும் அன்று. கண்டியில் எங்களுக்குக் கிடைத்த துண்டு நிலம் சிறிது. மரங்களிற் பாதியை விற்க நேர்ந்தது. எண்ணிட்ட மரங்கள் எண் தெரியாதவர் வீடுகளுக்குப் போயின. தந்தையார் அன்று வாய் திறக்கவில்லை. எஞ்சியவை எங்கள் புதிய கூரையாயின. பலாமரத்து வாசற் கதவும் நிலையும் எங்களோடு தங்கின.

1984-ல் நீர் தேங்கத் தொடங்கியது. 1985 ஏப்ரலில், பிரித்தானியப் பிரதமர் மார்கரெட் தாட்சரும் வந்திருக்க, அணை திறந்துவைக்கப்பட்டது. 122 மீற்றர் உயரமுள்ள அந்த அணை நாட்டுக்கு மின்னொளி தந்தது. வறண்ட நிலங்களுக்கு நீர் தந்தது. அதனை நான் மறுக்கவில்லை. என் வீட்டு விளக்கும் அந்நீரால் எரிவதாயிருக்கலாம்.

கடும் வறட்சியில் நீர் வற்றும்போது பழைய ஊர் தலைகாட்டும். அத்தகைய வறட்சியொன்றில் தந்தையாரை அழைத்துச் சென்றேன். வெடித்த சேற்று நிலத்தில் அடித்தளங்கள் வரிசையாகத் தெரிந்தன. அவர் கைத்தடியை ஊன்றி நடந்து, ஒவ்வொன்றின் முன்னும் நின்று, “இது தையற்கடை, இது மருந்துக்கடை, இது தேநீர்க்கடை” என்று சொல்லிக்கொண்டே போனார். ஒரு படிக்கல்லின் முன் சொல் நின்றது. அது எங்கள் வாசற்படி. கதவைக் கொண்டுபோன நாங்கள் கல்லை விட்டுப் போயிருந்தோம். அதன்மேல் சற்றே அமர்ந்துவிட்டு, “இதற்கு எண் போட மறந்துவிட்டேன்” என்றார்.

இலக்கணத்தில் ஆகுபெயர் என்று கற்பிக்கிறோம். ஒன்றன் பெயர் அதனோடு தொடர்புடைய வேறொன்றுக்கு ஆகி வருவது அது. தெல்தெனியா என்னும் பெயர் இன்று மேட்டில் எழுந்த புதிய நகருக்கு ஆகி வருகிறது. பழைய ஊருக்கு அப்பெயரும் போய்விட்டது. மரத்தைக் கொண்டுபோகலாம், இரும்பை உருக்கலாம், நிலத்தின்மேல் நீதிமன்றமோ நீரோ நிற்கலாம். எது எங்கே நின்றது என்னும் குறிப்பை அழியவிட்டால் மட்டுமே அது முற்றாக இடிந்தது எனலாம். பென்சில்வேனியாவில் அந்தப் பாதை பிழைத்தது பலகையின் வலிமையால் மட்டுமன்று. பலகையில் இட்ட எண்ணாலுமாம்.

தந்தையார் இன்று இல்லை. சென்ற மாதம் வீட்டுக்கு வர்ணம் பூச வந்தவரிடம், வாசல் நிலையின் உட்புறத்தைத் தொட வேண்டா என்றேன். அங்கே தாரால் எழுதிய ‘க’ இன்னும் மங்காமல் இருக்கிறது. வகுப்பிலும் ஒரு பயிற்சி தந்திருக்கிறேன். ஒவ்வொரு மாணவரும் தம் ஊரில் இன்று இல்லாத ஒரு கட்டடத்தை, முதியோரைக் கேட்டு, எது எங்கே நின்றது எனக் குறித்து வரவேண்டும். கைபேசிப் படத்துடன் வந்த மாணவனே முதலில் எழுதி முடித்தான். தன் பாட்டியார் வேலை செய்த, இன்று கூரையற்றுப் போன தேயிலைத் தொழிற்சாலையைப் பற்றி எழுதியிருந்தான். ஒவ்வோர் இயந்திரமும் நின்ற இடத்துக்கு அவன் இட்டிருந்தவை க, உ, ங, ச.