தனுஷ்கோடி ரயில் நிலையம்

ராமேசுவரம் போனவர்களில் பலர் தனுஷ்கோடியையும் பார்த்திருப்பீர்கள். அங்கே மணலுக்கு நடுவே சில இடிந்த சுவர்கள் நிற்கின்றன. அவற்றில் ஒன்று பழைய ரயில் நிலையம். அங்கே ஏன் ரயில் வந்தது? பிறகு ஏன் வராமல் போனது?

தனுஷ்கோடி ஓர் ஒடுங்கிய மணல் திட்டு. வடக்கே வங்காள விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையின் தலைமன்னார் இருக்கிறது. கடல் தூரம் குறைவு. அதனால்தான் இங்கே ரயில் வந்தது.

அதற்கு முன்பு இலங்கை போகிறவர்கள் தூத்துக்குடியில் கப்பல் ஏறினார்கள். கடலில் வெகுதூரம் போக வேண்டும். 1914-ல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. சென்னையில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்குவார். உடனே கப்பல் ஏறுவார். தலைமன்னாரில் மறுபடி ரயில் ஏறிக் கொழும்பு போவார். எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட்டு. இந்த வண்டியைப் 'போட் மெயில்' என்றார்கள். தேயிலைத் தோட்டத்தில் பாடுபடப் போன ஏழைகள் பலரும் இந்த வழியாகத்தான் போனார்கள். ஊரில் தபால் ஆபீசு, பள்ளிக்கூடம், சுங்க அலுவலகம் எல்லாம் வந்தன.

1964 டிசம்பர் 22. இரவு நேரம். கடும் புயல் அடித்தது. பாம்பனிலிருந்து ஒரு பயணி வண்டி புறப்பட்டுத் தனுஷ்கோடியை நெருங்கியது. கைகாட்டி இறங்கவில்லை. டிரைவர் நீளமாக ஊதிப் பார்த்துவிட்டு வண்டியை மெல்ல நகர்த்தினார் என்று சொல்வார்கள். இன்று ரேடியோவும் செல்போனும் புயலை முன்கூட்டியே சொல்கின்றன. அந்த இருட்டில் அவருக்கு வழி சொல்லக் கைகாட்டியை விட்டால் வேறு எதுவும் இல்லை. பெரிய அலை ஒன்று எழுந்து வந்து வண்டியை மூடியது. வண்டியில் இருந்த நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஒருவரும் பிழைக்கவில்லை. ஊரும் அழிந்தது.

பாம்பன் பாலமும் சேதம் அடைந்தது. ஆனால் அதை 46 நாளில் சரி செய்தார்கள். ஸ்ரீதரன் என்ற இளம் பொறியாளர் அந்த வேலையை முன்நின்று நடத்தினார். ராமேசுவரத்துக்கு மறுபடி ரயில் ஓடியது. தனுஷ்கோடிக்கு மட்டும் ஓடவில்லை. அது மக்கள் வாழத் தகுதியில்லாத இடம் என்று அரசு அறிவித்துவிட்டது. கப்பலும் ராமேசுவரத்துக்கு மாறியது. இலங்கையில் சண்டை மூண்டதும், 1980-களில் அதுவும் நின்றது.

வாழத் தகுதியில்லை என்றாலும் மீனவர்கள் திரும்பி வந்தார்கள். அவர்களுக்குப் பிழைப்பு அந்தக் கடலில்தானே! குடிசை போட்டுத் தங்கினார்கள். பிடித்த மீனை மணல் வழியாகத்தான் வெளியே கொண்டுபோக வேண்டும். நோயாளியையும் அப்படித்தான். 2017-ல்தான் மணல் முனை வரை தார்ச்சாலை திறந்தார்கள்.

புதிய ரயில் பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். தண்டவாளம் இன்னும் வரவில்லை. இடிந்த ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் மீனவப் பெண்கள் சங்கும் சிப்பி மாலையும் விற்கிறார்கள்.